டெப் வாங்கப் போகும்போது ஒரு பாஸ்ட் பேப்பரையும் கொண்டு போங்கள்

"தம்பி, சின்னவளுக்கு ஒரு டெப் எடுக்கோணும். எது நல்லது?"

டெப், அதாவது டேப்லெட் கணினி, வாங்கப் போகிறவர்களிடமிருந்து வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது இந்தக் கேள்வி எனக்கு வரும். கொக்குவிலில் இருந்து சித்தி கேட்பார், சாவகச்சேரியில் இருந்து கூடப் படித்தவன் கேட்பான், ஸ்காபரோவில் இருந்து பெரியப்பா நடுச்சாமத்தில் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கேட்பார். நானும் வழக்கமாகத் திருப்பி ஒன்று கேட்பேன்: "அதில என்ன செய்யப் போறா?" "படிக்கத்தான்." "படிக்கிறதெண்டா? சூம் வகுப்போ, பாஸ்ட் பேப்பரோ, அதுதான் பழைய சோதனை வினாத்தாளோ, இல்லை எழுதிப் பழகவோ?" பேச்சு அங்கே நின்றுவிடும். எந்த பிராண்ட், எத்தனை ஜீபி, என்ன விலை என்பதையெல்லாம் விசாரித்து வைத்திருப்பார்கள். அதில் எந்தப் பக்கத்தை வைத்து வாசிக்கப் போகிறோம் என்பதை மட்டும் யோசித்திருக்க மாட்டார்கள்.

டெப் என்ற சொல் நம் வீடுகளுக்குள் வந்ததே படிப்பை ஒட்டித்தான். ஆப்பிளின் முதல் ஐபேட் 2010இல் வந்தபோது அது வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் கையில் இருந்த ஒரு புதினம். 2017ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் உயர்தர (ஏ/எல்) மாணவர்களுக்கு இலவசமாக டெப் கொடுப்போம் என்று இலங்கை அரசாங்கம் அறிவித்தபோது பத்திரிகைகளில் எல்லாம் 'டெப்' அச்சாகியது. பிறகு 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். அம்மாவின் போனில் சூம் பார்த்த பிள்ளைகளுக்குக் கண் நோகத் தொடங்கியது. ரியூசன் ஆசிரியர்கள் வினாத்தாள்களை வாட்ஸ்அப் குழுக்களில் பி.டி.எஃப் ஆகப் போட்டார்கள். பள்ளிக்கூடங்கள் திறந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

ஆகவே இங்கே டெப் என்பது பெரும்பாலும் ஏ4 தாளைப் பார்க்கும் கண்ணாடி. சரி, அந்தக் கண்ணாடி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீற்றர். கடைகளில் அதிகம் கிடைக்கும் சிறிய டெப்கள் 8.7 அங்குலம். 2023 ஒக்டோபரில் வந்த சாம்சங் கலக்ஸி டெப் ஏ9 அந்த அளவுதான். அதை நெட்டுக்குப் பிடித்தால் திரையின் அகலம் ஏறத்தாழ 113 மில்லிமீற்றர். முழுப் பக்கத்தையும் காட்டச் சொன்னால் தாள் பாதியாகச் சுருங்கிவிடும்; 12 புள்ளி (பொயின்ட்) அளவில் அச்சடித்த எழுத்து ஆறரைப் புள்ளி ஆகிவிடும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுத் தாளை வாசிப்பது போல இருக்கும். அதே வரிசையில் ஏ9 பிளஸ் 11 அங்குலம். அதன் அகலம் 148 மில்லிமீற்றர். ஏ4 தாளைக் குறுக்கே இரண்டாக மடித்துப் பாருங்கள், அதன் அகலமும் சரியாக 148. எழுத்து எட்டரைப் புள்ளி அளவில் தெரியும். பாடப்புத்தகத்தின் படக்குறிப்பு எழுத்துப் போல, வாசிக்கலாம். சாதாரண ஐபேடின் திரை 11 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவென்றாலும் நெட்டு வாக்கில் அகலம் கூட, கிட்டத்தட்ட 158 மில்லிமீற்றர். பி.டி.எஃப் வாசிக்க அந்த அகலம்தான் உதவும். அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை அளப்பது என்பதால் ஆளை ஏமாற்றும்.

தமிழுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. நமக்குச் சுழியும் புள்ளியும் முக்கியம். ன, ண இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சுழிதான். க என்பதா க் என்பதா என்பதை மேலே உள்ள ஒரு புள்ளி சொல்லும். ஏ9 இன் அகலத்தில் 800 படப்புள்ளிகள் (பிக்சல்கள்)தான் இருக்கின்றன. 11 அங்குலத்தில் 1200. மங்கலாக ஸ்கேன் செய்த பழைய வினாத்தாளை 800 படப்புள்ளிகளுக்குள் அடைத்தால் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. இரண்டு விரலால் பெரிதாக்கலாம்தானே என்பீர்கள். ஆக்கலாம். ஆனால் பௌதிகவியல் பேப்பரில் மேலே ஒரு படமும் கீழே அதற்கு ஐந்து கேள்விகளும் இருக்கும்போது, ஒவ்வொரு கேள்விக்கும் மேலே ஏறிக் கீழே இறங்குகிற பிள்ளைக்குப் பத்தாவது கேள்வியில் பொறுமை போய்விடும். பிறகு அச்செடுக்கத்தான் கேட்கும்.

கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடநூல்களைத் தமிழிலும் பி.டி.எஃப் ஆக இலவசமாகத் தருகிறது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் நம்முடைய பழைய நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் ஸ்கேன் படங்களாக இருக்கின்றன. இவற்றில் எதுவும் திரைக்கேற்ற மாதிரித் தானாக மடிந்து பெரிதாகிக் கொடுக்காது. பக்கம் எப்படியோ அப்படியேதான் வரும். கதைப் புத்தகம் வாசிக்கவும் பிரயாணத்தில் படம் பார்க்கவும் 8.7 அங்குலம் நல்ல கைக்கடக்கமான அளவு. பஸ்ஸில் நின்றுகொண்டே பிடிக்கலாம். பேப்பர் செய்கிற பிள்ளைக்கு 10.4 அங்குலத்துக்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கட்சி. காசு போதாவிட்டால் ஜீபியைக் குறையுங்கள், திரையைக் குறைக்காதீர்கள்.

அளவு பார்த்து வாங்கிய பிறகும் ஒரு முறைப்பாடு வரும்: "சேர் அனுப்பின நோட்ஸ் இதில இங்கிலிசில வருது." இதற்கும் டெப்புக்கும் சம்பந்தமில்லை. இங்கே பலர் இன்னும் பாமினியில்தான் தட்டெழுதுகிறார்கள். அது ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துரு. மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசையைத் தட்டுவார்கள். அந்த வேர்ட் கோப்பு, பாமினி இல்லாத டெப்பில் திறந்தால் போர்வை கழன்று ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். லட்ச ரூபாய் ஐபேடிலும் அப்படித்தான். அனுப்புகிறவரிடம் பி.டி.எஃப் ஆக மாற்றி அனுப்பச் சொல்வதுதான் வழி. இதற்காகக் கடைக்காரரோடு சண்டை பிடித்த ஒருவரை எனக்குத் தெரியும்.

கடைக்காரரோடு சண்டை பிடிக்க வேண்டிய இடம் வேறு. 2020இல் அக்காவின் மகளுக்கு அவசரமாக ஒரு டெப் எடுத்தோம். பெயர் கேள்விப்படாத பிராண்ட். பெட்டியில் 10 அங்குலம், 6 ஜீபி ரேம், 128 ஜீபி சேமிப்பிடம் என்றெல்லாம் பளபளவென்று இருந்தது. "அண்ணை, இது நல்லா ஓடும், பயப்படாமக் கொண்டு போங்கோ." வீட்டுக்கு வந்து சூமைத் திறந்தால் ஆசிரியரின் வாய் அசைந்து முடிந்த பிறகுதான் சத்தம் வரும். பிறகு உள்ளே இருக்கும் பாகங்களைச் சோதிக்கும் ஒரு செயலியை இறக்கிப் பார்த்தேன். உண்மையில் 2 ஜீபி ரேம், அதாவது செயலிகள் ஓடும்போது பாவிக்கும் நினைவகம் அவ்வளவுதான். செட்டிங்ஸில் காட்டிய இலக்கங்கள் கையால் மாற்றி எழுதப்பட்டவை. திரும்பக் கொடுக்கப் போனால், பெட்டி உடைத்தால் எடுப்பதில்லை என்றார்கள். அது இப்போதும் வீட்டில் இருக்கிறது, ரேடியோ கேட்க.

இப்படிப் பச்சையாக ஏமாற்றாவிட்டாலும் பெட்டி இலக்கங்களை அப்படியே நம்ப முடியாது. '12 ஜீபி ரேம்' என்று பெரிதாகப் போட்டு, அடியில் சின்ன எழுத்தில் '4+8' என்றிருக்கும். உண்மையான ரேம் 4. மிச்சம் 8, சேமிப்பிடத்தில் இருந்து கடன் வாங்கியது; அது ரேமை விடப் பல மடங்கு மெதுவானது. பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்து எங்கள் வளவில் இரண்டு கிணறு என்று சொல்வது போல. சூம், பி.டி.எஃப், வாட்ஸ்அப் மூன்றையும் மாறி மாறித் திறக்கிற பிள்ளைக்கு உண்மையான 4 ஜீபி இருந்தால் சமாளிக்கலாம், 6 இருந்தால் நிம்மதி. சேமிப்பிடம் 64 ஜீபி என்றால் அதில் ஒரு நல்ல பங்கை இயங்குதளமே பிடித்துக்கொள்ளும். வகுப்பு வீடியோக்களை இறக்கி வைத்துப் பார்க்கிற வீட்டில் 128 எடுங்கள், அல்லது மெமரி கார்ட் போடும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சாம்சங் ஏ9 வரிசையில் இருக்கிறது. ஐபேடில் எப்போதும் கிடையாது.

படம் பார்க்கவும் சேர்த்து வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வைட்வைன் என்ற காப்புரிமைப் பூட்டு ஆண்ட்ராய்டில் உண்டு. அதில் எல்1 தரச்சான்று இல்லாத, வெறும் எல்3 உள்ள டெப்பில் நெட்ஃப்ளிக்ஸ் தெளிவான எச்.டியில் வராது, திரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும்.

இனி பேனா. கணக்கு, இரசாயனவியல் படிக்கிற பிள்ளை டெப்பிலேயே செய்து பழகலாம் என்ற எண்ணம் நல்லது, தாள் செலவும் மிச்சம். ஆனால் 'எல்லா டெப்புக்கும் பொருந்தும்' என்று சொல்லி விற்கும், நுனியில் ரப்பர் குமிழ் வைத்த பேனாவுக்கும் விரலுக்கும் டெப்பைப் பொறுத்தவரை வித்தியாசமில்லை. உள்ளங்கை திரையில் பட்டதும் அங்கேயும் கோடு விழும். ஆகவே பிள்ளை கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுதும். அப்படி அரைப் பக்கம் எழுதிப் பாருங்கள், தோள்மூட்டு சொல்லும். உண்மையான பேனா வேலை செய்ய டெப்புக்குள்ளேயே அதற்கான ஏற்பாடு இருக்க வேண்டும். சாம்சங்கின் எஸ் பென் திரைக்கு அடியில் இருக்கும் ஒரு மின்காந்தத் தகட்டோடு பேசுகிறது. எழுத பேனாவுக்குள் மின்கலமே தேவையில்லை, பேனா கிட்ட வந்ததும் கையை டெப் மறந்துவிடும். டெப் எஸ்6 லைட் என்ற மாதிரிக்குப் பெட்டியிலேயே அந்தப் பேனா வரும். 2020இல் வந்து, 2022லும் 2024லும் உள்ளே கொஞ்சம் மாற்றி மறுபடி விட்டார்கள் என்பதால் எந்த வருஷத்தது என்று கேட்டு வாங்க வேண்டும். பெயரில் ஏ இருக்கிற வரிசைக்கு எஸ் பென் வேலை செய்யும் என்று எண்ணிவிடாதீர்கள், ஏ9க்கு இல்லை.

ஆப்பிளில் பேனா தனிக் காசு. யூ.எஸ்.பி-சி பென்சில் அமெரிக்காவில் 79 டொலர். அதில் அழுத்தத்தை உணரும் வசதி இல்லை, அதாவது அழுத்தினால் கோடு தடிக்காது. படம் வரைகிறவருக்கு அது குறை. சமன்பாடு எழுதுகிற பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை.

சிம் போடுகிறதா, வெறும் வைஃபையா? 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள். டெப்பில் சார்ஜ் இருக்கும், ஆனால் ரவுட்டர் செத்துப் போயிருக்கும். அந்த நாட்களில் சிம் போட்ட டெப் வைத்திருந்தவர்கள் சிக்னல் இருந்தவரை வகுப்பைத் தொடரலாம். ஆனால் அந்த வசதிக்கு விலை உண்டு. 2025 மார்ச்சில் வந்த ஐபேடின் அமெரிக்க விலை 349 டொலர், சிம் வசதி உள்ளதற்கு 499. இந்த 150 டொலருக்கு ரவுட்டருக்கு ஒரு சின்ன யூ.பி.எஸ் வாங்கி, மிச்சத்தை வருஷக்கணக்கில் டேட்டாவுக்குப் போடலாம். வீட்டில் யாரிடமாவது போன் இருந்தால் ஹொட்ஸ்பொட்டும் உண்டு. பிள்ளை ரியூசனுக்கும் நூலகத்துக்கும் டெப்போடு தனியே போய் வருகிறது, கையில் போன் கொடுப்பதில்லை என்றால் மட்டும் சிம் உள்ளதை எடுங்கள் என்பேன்.

வெளிநாட்டுப் பார்சல் என்று ஒன்று இருக்கிறதே, அதையும் பேசாமல் விட முடியாது. யாழ்ப்பாணத்தில் பாதி டெப்கள் கடைக்கே போகாமல் சூட்கேசில் வந்தவை என்றுதான் எனக்குப் படுகிறது. பெரியப்பா நடுச்சாமத்தில் அனுப்பிய படம் அமேசான் ஃபயர். நல்ல மலிவு. ஆனால் அதில் கூகுள் பிளே ஸ்டோர் வராது. அமேசானின் சொந்தக் கடைதான். நமக்கு வேண்டிய செயலிகள் அங்கே இல்லாமல் பிள்ளை முழிக்கும். சுற்று வழிகளில் ஏற்றலாம்தான், ஆனால் ஒவ்வொரு முறை அது குழம்பும்போதும் எனக்குத்தான் அழைப்பு வரும்.

பாவித்த ஐபேட் ஒன்றை அங்கிருந்து கொடுத்துவிடுகிறார்கள் என்றால், கொடுப்பவர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து முறையாக வெளியேறி, அழித்துத்தான் தர வேண்டும். அதைச் செய்யாமல் வந்த ஐபேட், பழைய சொந்தக்காரரின் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு திறக்காமலே இருக்கும். சொந்தக்காரர் லண்டனில் இருக்கும் மச்சான் என்றால் ஒரு போன் அடித்துச் சரிப்படுத்தலாம். மச்சானே அதை வேறு ஆளிடம் வாங்கியிருந்தால்? கனடா, அமெரிக்காவில் தொலைபேசிக் கம்பனி ஊடாக வாங்கிய சிம் டெப் அந்தக் கம்பனிக்கே பூட்டப்பட்டிருக்கலாம். அதையும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். சார்ஜரில் 100-240 என்று எழுதியிருந்தால் மின்னழுத்தத்துக்குப் பயமில்லை. லண்டன் பிளக் இங்குள்ள சதுரத் துளை 13 அம்பியர் சொக்கெட்டில் நேரே ஏறும், கனடாவுக்கும் சுவிசுக்கும் அடாப்டர் தேவை.

எங்கள் வீட்டில் டெப் பாவிப்பதில் முதலிடம் அம்மம்மாவுக்கு. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: மாலை நேரத்தில் பேரப்பிள்ளைகளின் முகம் பெரிதாகத் தெரிய வேண்டும். இதற்கு அதிக ஜீபியும் வேண்டாம், பேனாவும் வேண்டாம். முன் கமரா நீளப் பக்கத்தின் நடுவில் இருக்கிற டெப்பாகப் பாருங்கள், நிமிர்த்தி வைத்துப் பேசும்போது அம்மம்மா எங்கோ ஓரத்தைப் பார்த்துப் பேசுவது போல் தெரியாது. ஐபேட் என்றால், வாட்ஸ்அப் அதற்கென்று தன் செயலியை விட்டதே 2025 மே மாதத்தில்தான். அதற்கு முன் வாங்கிக் கொடுத்துவிட்டு "வாட்ஸ்அப் எங்க?" என்று ஏச்சு வாங்கிய பேரன்மாரில் நானும் ஒருவன்.

காசுக் கணக்குக்கு வருவோம். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது. 2024 ஜனவரி முதல் வற் வரி 18 வீதமாகியது, அதுவரை விலக்குப் பெற்றிருந்த போன்களும் அதற்குள் வந்தன. ஆகவே வெளிநாட்டு விலையைப் பார்த்துவிட்டு இங்கே வந்து மலைக்காதீர்கள். டொலர் 300 ரூபாய் என்று போட்டாலே 349 டொலர் ஐபேட் ஒரு லட்சத்து ஐயாயிரம் ரூபாயளவில் நிற்கிறது, வரியும் கடைக்காரர் லாபமும் பென்சிலும் சேர முன்னமே. அது பெரிய காசு. ஆனால் 2019இல் வந்த ஏழாம் தலைமுறை ஐபேடுக்கு 2024இல் வந்த இயங்குதளமும் கிடைத்தது. ஒன்பதாம் வகுப்பில் வாங்கினால் உயர்தரம் முடியும் வரை ஓடும் என்ற கணக்கில் பார்த்தால் வருஷத்துக்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்லலாம். அவ்வளவு போட முடியாதவர்கள், அதாவது நம்மில் பெரும்பாலானோர், சாம்சங், ஷாவ்மி, லெனோவோ போன்ற தெரிந்த பெயர்களின் 11 அங்குல வரிசைக்குப் போகலாம். 2023இல் வந்த ரெட்மி பேட் எஸ்.ஈ. 11 அங்குலம், 1200 படப்புள்ளி அகலம். பேப்பர் பார்க்கத் தாராளம். சிம் மட்டும் போட முடியாது. இதற்கும் காசு எட்டாவிட்டால் பெயர் தெரியாத புது டெப்பை விட, தெரிந்த ஆளிடம் பாவித்த நல்ல டெப் மேல். அதை மேசையில் குப்புற வைத்துப் பாருங்கள். முதுகு ஆடினால் பற்றரி வீங்கியிருக்கிறது, எடுக்காதீர்கள்.

ஐ.சி.ரி பாடம் எடுக்கும் பிள்ளைக்கும் கம்பஸ் போகும் பிள்ளைக்கும் டெப்பே வேண்டாம். நிரல் எழுத, அறிக்கை தட்டெழுத, எக்செல் பழக மடிகணினிதான். டெப்போடு விசைப்பலகை, கவர், மவுஸ் எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் பாவித்த மடிகணினி ஒன்றின் விலை வந்துவிடும்.

சரி, பஸ் நிலையத்தடியிலோ நவீன சந்தையிலோ கடைக்குள் நுழைந்துவிட்டீர்கள். பெட்டியைப் பார்க்க முன் உங்கள் போனில் இருந்து ஒரு பழைய தமிழ் வினாத்தாளை அந்த டெப்புக்கு அனுப்பித் திறக்கச் சொல்லுங்கள். கையில் கொண்டுபோன அதே தாளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிள்ளையையும் கூட்டிப் போயிருந்தால் பிள்ளையே வாசிக்கட்டும். உங்கள் கண்ணுக்கு 8.7 போதாதது அதற்குப் போதலாம், மாறியும் இருக்கலாம். சிம் உள்ள டெப் என்றால் செட்டிங்ஸில் இருக்கும், அந்த டெப்புக்கே உரிய அடையாளமான 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ எண்ணை எடுத்து, ஐ.எம்.ஈ.ஐ என்ற நாலு எழுத்தையும் ஆங்கிலத்தில் அடித்து ஓர் இடைவெளி விட்டு அந்த இலக்கத்தையும் சேர்த்து 1909க்கு எஸ்.எம்.எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவான டெப்பா என்று பதில் வரும். பதில் வரும் வரை காசைக் கையிலேயே வைத்திருங்கள். வாரண்டி கம்பனியினுடையதா கடையினுடையதா என்று கேட்டு, பில்லில் சீரியல் இலக்கத்தையும் எழுதி வாங்குங்கள். "அது தேவையில்லை அண்ணை, எங்களைத் தெரியும்தானே" என்பார்கள். தெரியும்தான். எழுதித் தரட்டும்.